நாலாம் நம்பர் வால்வு

மார்ச் 4

அன்புள்ள மேனேஜரம்மாவுக்கு,

இங்கே மோட்டாரும் நானும் நலம். மோட்டார் என்னைவிடக் கொஞ்சம் அதிக நலம்.

“போன்ல நீங்க சிரிச்சு மழுப்பிடுவீங்க. சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்க” என்று நீ சொல்லி நாலு நாளாகிறது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நமக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் உனக்கு எழுதிய கடிதம்கூட என் அண்ணன் எழுதிக் கொடுத்ததுதான். இது உனக்கு இப்போதுதான் தெரிகிறது என்றால் மன்னித்துவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஒரு வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தினேன். நானேதான். பாப்பா பிரசவத்துக்கென்று நீ மூன்று மாதக் கணக்கில் போனாய், எட்டு மாதமாகிவிட்டது. நம் போர்வெல் தண்ணீரை நம்பி இருபத்திரண்டு வீடு இருக்கிறது, அதில் ஏழு வீடு பணம் தருவதை மறந்தே போனார்கள். கரண்ட் பில் மட்டும் மறக்காமல் வந்துவிடுகிறது. நாலாவது வீட்டுப் பூட்டுக்காரர் ஐந்து மாதப் பாக்கி. கேட்டால், “அடுத்த வாரம் கண்டிப்பா சார்” என்று என் தோளைத் தட்டுகிறார்.

அவர் கடைக்குப் போகும்வரை காத்திருந்து, வால்வுக் குழி மூடியைத் தூக்கி, இறங்கி, நாலாம் நம்பர் வால்வை மூடினேன். நீ நகப்பாலிஷால் எழுதி வைத்த நம்பர் இன்னும் அழியவில்லை. அதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. குடிக்கிற தண்ணீரை நிறுத்துவது பாவம் என்று என் அம்மா சொல்வாள். நீ பதினாலு வருஷமாக இதைச் செய்துவிட்டு எப்படி நிம்மதியாகத் தூங்கினாய்?

இன்று காலை பூட்டுக்காரர் எதிரில் வந்தார். திட்டப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரித்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பேத்திக் குட்டிக்கு முத்தம்.

இப்படிக்கு,
மோட்டார் போடுகிறவன்

மார்ச் 7

பாப்பா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. குட்டி இப்போது பிடிமானமில்லாமல் உட்காருகிறாள். அப்படியே பொத்தென்று சாய்ந்து, நாம்தான் தள்ளிவிட்டோம் என்பதுபோல முறைக்கிறாள். உங்கள் ஜாடைதான்.

அண்ணன் எழுதிய கடிதம் என்று எனக்கு அப்போதே தெரியும். எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது.

நிம்மதியாகத் தூங்கினேன் என்று யார் சொன்னது? கண்ணை மூடிப் படுத்திருந்தேன். பதினாலு வருஷத்தில் ஒரு தடவையாவது, “இன்னிக்கு யாரு வீட்டை மூடின, மனசு எப்படி இருக்கு” என்று கேட்டீர்களா? இப்போது ஒரே ஒரு வால்வை மூடிவிட்டு இரண்டு பக்கம் எழுதுகிறீர்கள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

பூட்டுக்காரரிடம் முன்கூட்டிச் சொன்னீர்களா, சொல்லாமலே மூடினீர்களா? அதை எழுதவே இல்லையே.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மாத்திரை இரண்டாம் தட்டில், பழைய சீப்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

பாப்பா அம்மா

மார்ச் 10

அன்புள்ள மேனேஜரம்மாவுக்கு,

மாத்திரை கிடைத்தது. சீப்பும் கிடைத்தது.

சொல்லவில்லை. சொன்னால் அவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் மூட மாட்டேன். அதனால்தான் அவர் இல்லாத நேரமாகப் பார்த்து மூடினேன். திருடன்கூட இப்படிப் பதுங்கியிருக்க மாட்டான்.

இப்போது நடப்பதைக் கேள். நேற்று பூட்டுக்காரர் தன் பையோடு வீட்டுக்கே வந்தார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். “உங்க குழிப் பூட்டு துருப்பிடிச்சுக் கெடக்கே சார்” என்று உட்கார்ந்து, அதைக் கழற்றி எண்ணெய் விட்டு, தேய்ந்த பழைய சாவியை எறிந்துவிட்டு, புதுச் சாவி ஒன்று செய்து பொருத்திக் கொடுத்தார். காசு நீட்டினால் கையைத் தள்ளிவிட்டார். “அஞ்சு மாசமாச்சு, இந்நேரம் வேற யாராயிருந்தாலும் மூடியிருப்பாங்க. உங்க மனசு யாருக்கும் வராது சார்.” கண் கலங்கிச் சொன்னார்.

குத்திக் காட்டுகிறாரா? வேறு எங்கிருந்தோ தண்ணீர் பிடித்துக்கொண்டு என்னைக் கேலி செய்கிறாரா? அவர் வீட்டுக் கொடியில் தினமும் துணி காய்கிறது. எனக்குத் தலை சுற்றுகிறது. செருப்பால் அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன்.

இதற்கு நடுவில் தெருக்கோடி வீட்டு நர்ஸ் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒன்றாம் தேதி பணத்தைக் கையில் வைத்துவிட்டு, “அக்காவை நீங்கதான் நேர்ல போய்க் கூப்பிடணும். அவங்களா வர மாட்டாங்க” என்று சொன்னவள். நான் வழக்கம்போலச் சிரித்தேன். அதற்கா இவ்வளவு கோபம்? ஸ்கூட்டரில் இரண்டு பெரிய கேன் கட்டிக்கொண்டு போய்வருகிறாள். ஆஸ்பத்திரியில் தண்ணீர்க் கஷ்டம் போலிருக்கிறது.

இப்படிக்கு,
முழுசாகக் குழம்பியவன்

மார்ச் 12

பாப்பா அப்பாவுக்கு,

இன்று காலை போனில், “நாலைத் திறங்க, பூட்டுக்காரர் ஒன்பது” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். மீதியை எழுதுகிறேன். போனில் சொன்னால் சிரிப்பீர்கள்.

நேற்று நர்ஸ் கூப்பிட்டாள். “நான் உங்க குடும்ப விஷயத்துல வாயைக் கொடுத்தது தப்புதான்க்கா. அதுக்காகத் தண்ணியை நிறுத்தணுமா? ஒன்பது நாளா ஆஸ்பத்திரியிலதான் குளிக்கிறேன்” என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னைக் கூப்பிடச் சொன்னதற்காக அவளைத் தண்டிக்கிற ஆளா நீங்கள் என்று திட்டி ஒரு பக்கம் எழுதினேன். எழுதிவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். கேன், காயும் துணி, கலங்கிய கண். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

அந்த நம்பர் தெருவில் வீடு இருக்கிற வரிசை இல்லை. நம்மிடம் இணைப்பு வாங்கிய வரிசை. நாலாவதாக வந்தவள் நர்ஸ். பூட்டுக்காரர் தெருவில் நாலாவது வீடு, வந்தது ஒன்பதாவது. பதினாலு வருஷத்தில் நீங்கள் ஒரு நாள் என்னோடு குழிக்குள் இறங்கியிருந்தால் இது தெரிந்திருக்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஆனால் அந்தக் குழிக்குள் நீங்கள் இறங்கியதே இல்லை என்று சொல்ல முடியாது. நான் மூடிய நாளிலெல்லாம் மத்தியானம் நான் படுத்த பிறகு இறங்கியிருக்கிறீர்கள். மூடியிருக்கும் ஒரே வால்வைத் திறக்க நம்பர் எதற்கு? மூடி நகரும் சத்தம் படுக்கை அறைக்குக் கேட்கும். பதினோரு தடவை எண்ணியிருக்கிறேன். நீங்கள் திறந்த ஒவ்வொரு தடவையும் நான்தான் கெட்டவள் ஆனேன். பூட்டுக்காரர் மனைவி தெருவில் நின்று, “அவர் தங்கம், அந்தம்மாதான் இரும்பு” என்று சொன்னபோது என் பின்னால் நின்று சிரித்தீர்களே. பாப்பாவுக்கு எட்டாம் மாதம்தான் அப்போது. அன்றைக்கே பெட்டியை எடுத்து வைத்தேன்.

எப்படிச் செய்தாய் என்று கேட்டீர்களே, சொல்கிறேன். முதலில் அந்த வீட்டுக்குப் போவேன். உட்கார்ந்து, “குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க” என்பேன். ஒருவரும் இல்லை என்று சொன்னதில்லை. அதை முழுக்கக் குடிப்பேன். பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்து, “நாளைக்குப் பத்து மணிக்கு மூடப்போறேன், எல்லாத்தையும் நிரப்பி வச்சுக்கங்க” என்பேன். அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்குவது எனக்கு மட்டும்தான் தெரியும். குற்ற உணர்ச்சி போகாது. ஆனால் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை.

இனி உங்கள் இஷ்டம்.

பாப்பா அம்மா

மார்ச் 18

அன்புள்ளவளுக்கு,

மேனேஜரம்மா என்று எழுதக் கை வரவில்லை.

நாலைத் திறந்துவிட்டு நர்ஸிடம் போய் நின்றேன். நம்பர் கதையைச் சொன்னேன். “மாமா, உங்களுக்கு உங்க வீட்டு வால்வே தெரியாதா?” என்றாள்.

பூட்டுக்காரரை எப்படி மூடுவது என்றுதான் மூன்று நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். முதலில் மூடியிருந்தால் ஒரு பாவம். நன்றி வாங்கிக்கொண்டு, பூட்டையும் இலவசமாகச் சரிசெய்துகொண்டு மூடினால் எத்தனை பாவம்? விட்டுவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. அப்புறம், ஒழுங்காகப் பணம் கட்டிவிட்டுக் கேன் சுமந்தவள் ஞாபகம் வந்தது.

போனேன். தண்ணீர் கேட்டேன். அவர் மனைவி செம்பு நிறையக் கொண்டுவந்தாள். நம் தண்ணீர்தான், ஆனால் பாதிக்கு மேல் இறங்கவில்லை. முக்கி முக்கிக் குடித்தேன். சொன்னேன். “நான் மூடினது தப்பான வால்வு. நாளைக்குப் பத்து மணிக்கு உங்களுதை மூடப்போறேன்.” பூட்டுக்காரர் இந்தத் தடவை தோளைத் தட்டவில்லை. அவள்தான் வாசல்வரை வந்து, தெருவே கேட்கும்படி, “இவருக்கு அந்தம்மாவே தேவலை!” என்றாள். இதை நீ கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது, உன் பக்கத்தில் வந்து நின்றதுபோலவும் இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு ஒன்பதை மூடினேன். சாப்பிட்டேன். இரண்டு மணிக்குக் கால் தானாகக் குழிக்குப் போய்விட்டது. சாவி பூட்டில், கை சாவியில். அவர்கள் வீட்டுக் கொடி வெறுமையாக இருந்தது. நீ உள்ளே படுத்திருந்து மூடி நகரும் சத்தத்தைக் கேட்கப்போகிறாய் என்றே இருந்தது. நீ இல்லாத வீட்டில்.

திறக்காமல் சாவியை உருவிக்கொண்டு நேராக வந்து இதை எழுதுகிறேன். சாவி இத்தோடு இருக்கிறது. வேறு சாவி கிடையாது. வா என்று கேட்பதற்காக அனுப்பவில்லை. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? நான் திறந்துவிடாமல் இருக்கத்தான்.

இப்படிக்கு,
வால்வை மூடியவன்

மார்ச் 22

பாப்பா அப்பாவுக்கு,

சாவி வந்தது. நல்லவேளை, குட்டி வாயில் போடுவதற்குள் பிடுங்கிவிட்டேன்.

சாவியை எனக்கு அனுப்பிவிட்டீர்களே, அவர் பணம் கொடுத்தால் எப்படித் திறப்பது என்று யோசித்தீர்களா? இன்று காலை பூட்டுக்காரர் போன் செய்தார். “மூணு மாசப் பணத்தோட போனேம்மா. சார் பேந்தப் பேந்த முழிக்கிறாரு. சாவி உங்ககிட்டயாம். நான் சாவி போட்ட பூட்டை நானே கள்ளச்சாவி போட்டுத் திறக்கணுமா? தெருவுல பார்த்தா என்னம்மா சொல்வாங்க?” என்றார். நான் சிரித்த சிரிப்பில் குட்டி எழுந்து அழுதாள். எட்டு மாதத்தில் இப்படிச் சிரிக்கவில்லை. அப்புறம் எனக்கும் அழுகை வந்துவிட்டது. பூட்டைத் தொட வேண்டாம், நான் வரும்வரை எங்கள் வீட்டுக் குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆமாம், வருகிறேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே வந்து சேரும் பேருந்து. ஆனால் தங்குவேனா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் முகம் பார்த்துச் சொன்னதைப் படித்தபோது மனசு நிறைந்தது. சாவியைப் பார்த்ததும் மறுபடி குழம்பிவிட்டது. திறக்காமல் இருப்பதற்குக்கூட உங்களுக்கு என் காவல் வேண்டியிருக்கிறது. பாரத்தை இறக்கினீர்களா, மறுபடி என் தலையில் ஏற்றினீர்களா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. உங்களுக்கே பிடிபட்டிருக்காது.

பேருந்து நிலையத்துக்கு வாருங்கள். வரும்போது வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவாருங்கள். முதலில் அதை வாங்கிக் குடிப்பேன். பிறகு உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

பாப்பா அம்மா