என் பத்தையும் அவருடைய நான்கையும் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
இஸ்திரிக் கடைக்காரி,
மாடிப்படிக்குக் கீழே,
நான்கு மாடிக் கட்டடம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நகரவாசிகளின் மனநல, வாழ்க்கைத் திருப்திக் கணக்கெடுப்பு அலுவலகம்.

பொருள்: எங்கள் மதிப்பெண்களைத் திருத்தியதை ரத்து செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் கடிதம் கிடைத்தது. ஒரே வீட்டில் மனைவி பத்தும் கணவர் நான்கும் சொன்னதால் பிழையாக இருக்கும் என்று கருதி, தெருவின் சராசரியான ஆறை இருவருக்கும் பதிந்ததாகத் தெரிவித்திருக்கிறீர்கள். பிழை எதுவும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. என் கணவர் பேருந்து ஓட்டுநர். ஒரு விபத்து நடந்தது. யாருக்கும் பெரிய அடியில்லை. அடி இவர் மனசில்தான். ஒன்றே முக்கால் வருடம் மூன்றாம் மாடி அறையை விட்டு வரவில்லை. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்து, தினம் ஒரு படி கூடுதலாக இறங்கிப் பார்க்கச் சொன்னார். மொத்தம் ஐம்பத்து நான்கு படி, ஐயா. சில நாள் இரண்டு படி பின்னால் போனதும் உண்டு.

3. தங்கள் அலுவலக அம்மா கணக்கெடுக்க வந்த அன்றுதான் என் கணவர் கடைசிப் படியிறங்கி என் மேசைக்கு வந்து, "நீ உக்காரு, நான் தேய்க்கிறேன்" என்றார். உட்கார்ந்தேன். முதல் வேலையாக வக்கீல் சட்டையின் காலரைக் கருக்கினார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அவரும் சிரித்தார். அந்த நேரம் பார்த்து என் வாழ்க்கைத் திருப்திக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் வேறென்ன சொல்வேன்? பத்துக்கு மேல் கட்டம் இல்லாதது தங்கள் படிவத்தின் குறை. வக்கீலுக்கு வேறு சட்டை வாங்கிக் கொடுத்தாயிற்று.

4. அடுத்து அவரைக் கேட்டார்கள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். "நாலு போட்டுக்கோங்கம்மா" என்றார்.

5. என் பத்தைக் குறைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவருடைய நான்கை ஆறாக உயர்த்தியதைத்தான் பொறுக்க முடியவில்லை. போன வருடம் இதே கேள்விக்கு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்; படிவத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோட்டிலிருந்து நான்குக்கு அவரேதான் வந்தார். ஐந்துக்கும் ஆறுக்கும் அவரே வரட்டும், ஐயா. தாங்கள் தூக்கிவிட வேண்டாம்.

ஆகவே எனக்குப் பத்தும் அவருக்கு நான்கும் உள்ளபடியே பதிந்து, ஒரு வரி பதில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். பதிலைக் கடை மேசைக்கே அனுப்பலாம். இப்போது இருவரும் அங்கேதான் இருக்கிறோம்.

இடம்: கடை மேசை
நாள்: திங்கள், காலை

இப்படிக்கு,
இஸ்திரிக் கடைக்காரி (கையொப்பம்)

சாட்சி: நான்கு என்று சொன்னது நான்தான். இன்று கேட்டால் நாலரை.
கணவர் (கையொப்பம்)