பதினோராவது கேள்வி

1979 பெப்ரவரி 12, திங்கள்

கடிதம் வந்துவிட்டது! மார்ச் 14, கொழும்பில் மருத்துவப் பரிசோதனை. தேறினால் இரத்மலானையில் விமானிப் பயிற்சி. வாப்பா கடைக்கு வந்தவர் போனவர் எல்லாருக்கும் கடிதத்தைக் காட்டிவிட்டார். வெலிமடையிலிருந்து மரக்கறி லொறியில் வந்த மாடசாமி அண்ணன் ஒரு கூடை கரட்டை என் முன்னால் இறக்கினார். "கண்ணுக்கு நல்லதுங்க தம்பி, பச்சையாவே தின்னுங்க. மேலருந்து பாத்தா எங்க தோட்டத்து லயத்து வீட்டுக் கூர தெரியணும்."

இன்றைக்கே ஆறு தின்றாயிற்று. முயலாகிவிடுவேன் போல.

பெப். 15

பரிசோதனைக்குப் பழக, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்றேன். நாற்பது எண்ணும்வரை. உம்மா "கொக்கு, கொக்கு" என்று சிரித்தார்.

பெப். 20, செவ்வாய்

காலையில் பிளேன்டீ கிளாஸ் விழுந்து உடைந்தது. வழுக்கவில்லை. யாரோ முழங்கையைத் தட்டிவிட்டதுபோலக் கை தானாகத் துள்ளியது. உம்மா, "கண்ணூறு கழிஞ்சிட்டு மகன், நல்லதுதான்" என்றார்.

சரி, கண்ணூறுதான். ஊரெல்லாம் கடிதத்தைக் காட்டினால் வேறென்ன வரும்?

பெப். 21

படிவம் நிரப்பினேன். பதினோராவது கேள்வி: உமக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ வலிப்பு வந்ததுண்டா? 'இல்லை' என்று பென்சிலால் எழுதினேன். மற்றதெல்லாம் பேனாவில். இது மட்டும் ஏன் பென்சில்?

எனக்கு மூத்தவர் ஸரூக் நானா, பதினேழு வயதில் பதுளு ஓயாவில் குளிக்கும்போது கால் வழுக்கி, முழுகி மௌத்தானார். வீட்டுக்குத் தெரிந்தது அதுதான். அப்படிச் சொன்னது நான்.

பெப். 26

பஸார் டொக்டர் கண், காது, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். "எரும மாதிரி ஈக்கிறீங்க, பயப்படாமப் போங்க" என்றார். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். எவ்வளவு சுளுவாக வருகிறது அந்தச் சொல்!

மார்ச் 2, வெள்ளி

இன்னொரு கிளாஸ். இந்த முறை உம்மா கண்ணூறு என்று சொல்லவில்லை. துண்டுகளைக் கூட்டி அள்ளினார்.

நானாவும் கடைசி மாதங்களில் இப்படித்தான். காலையில் மட்டும் கையில் எதுவும் நிற்காது. "கையில என்னடா, எண்ணெயா?" என்று வாப்பா ஏசுவார். அந்த வார்த்தைகள் இப்போது என் காதுக்குள்ளேயே இருக்கின்றன.

எழுதிவிடுகிறேன். யாரிடம் சொல்ல? நானாவுக்குக் கால் வழுக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றவர் அப்படியே விறைத்தார், பிறகு உடம்பு முழுக்க உதறியது. முழுகிச் சாவதுபோல நடித்து என்னைப் பயங்காட்டுவது அவருடைய வழக்கம். அன்றைக்கும் அதுதான் என்று நினைத்தேன். சிரித்தேன். கை தட்டிச் சிரித்தேன், யா அல்லாஹ், பதினொரு வயது எருமை! தண்ணீர் அடங்கின பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5

மூன்று நாளாக எதுவும் உடையவில்லை. இரண்டு கையாலும் பிடிக்கிறேன், அதனால்.

மார்ச் 12, திங்கள்

நாளைக் காலை ரயில். பெட்டி கட்டியாயிற்று.

காலையில் உம்மா பிளேன்டீ கொண்டுவந்தார். கிளாஸில் இல்லை. விளிம்பு கறுத்த நீல எனாமல் கோப்பையில். ஒன்பது வருஷமாக நான் காணாத கோப்பை.

"இது நானாட தானே உம்மா? ஏன் எடுத்தீங்க?"

"இது ஒடையாது மகன்."

கட்டிலில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமலே பேசினார். "அவருக்கும் காலையிலதான் கை துள்ளின. நான் கண்ட. விழுற வருத்தம், வலிப்பு ஈக்கிற பிள்ளைன்டு ஊர் சொல்லுமேன்டு பயந்துதான் கண்ணூறு, கண்ணூறுன்டு சொல்லிக்கிட்டு இருந்த. வாப்பாக்கிட்டயும் வாய் தெறக்கல்ல. அண்டைக்கி, போய்க் குளிச்சிட்டு வாங்கன்டு அனுப்பினதும் நான்தான்."

அவரும் இத்தனை வருஷம் தனியாகவே இதைச் சுமந்திருக்கிறார், ஒரே வீட்டில், என் பக்கத்து அறையில். "நான் சிரிச்சேன் உம்மா" என்றேன். முழுவதும் சொன்னேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். என் இரண்டு கையையும் கோப்பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "ஆறுது, குடிங்க."

பென்சில் எழுத்தை அழித்துவிட்டேன்.

ஏப்ரல் 9, திங்கள்

வெலிமடை லொறி வந்தது. கரட் பதினான்கு மூட்டை, லீக்ஸ் ஒன்பது. நிறுத்து இறக்கியது நான்தான். "எப்பங்க தம்பி பறக்கப் போறீங்க?" என்றார் மாடசாமி அண்ணன். "அது சரிவரல்ல அண்ணன்" என்றேன். அன்றைக்குத் தந்த கரட் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாவம், கரட்டில்தான் ஏதோ குறை என்று நினைத்திருப்பார்.

கொழும்பு டொக்டர் மாத்திரை தந்திருக்கிறார். கை துள்ளுவது குறைந்திருக்கிறது. பதினோராவது கேள்விக்கு நேரே பேனாவால் நானாவின் பெயரை எழுதி, கீழே என் பெயரையும் எழுதினேன். அவர் எப்படிச் செத்தார் என்பது ஒரு காகிதத்திலாவது சரியாக இருக்கிறது. அழுகை வருகிறது, வந்துவிட்டுப் போகட்டும்.

குளியலறைக் கதவைத் தாழிட உம்மா விடுவதில்லை. வெளியே பலகை போட்டு உட்கார்ந்துகொள்கிறார். தண்ணீர்ச் சத்தம் நின்றால் போதும்.

"மகன்?"

"ஈக்கிறேன் உம்மா."