சனிக்கிழமை அமிலம்

மார்ச் 2, திங்கள்

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்தார். பட்டறைக்குப் பின்னால், போன மாதம் சேர்ந்த கழிவுச் சேறு பதினோரு பீப்பாய். விரல் நீட்டி எண்ணினார். "இது இன்னிக்கு லாரில போகட்டும். இந்த மாசம் நாலுக்கு மேல நிரம்பினா கதவப் பூட்டிடுவேன்."

அண்ணன் தலையாட்டினான். முதலாளி அவன், வேலைத்தளம் என் பொறுப்பு. இருபத்தாறு குடும்பம் அந்தக் கதவை நம்பி இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 4

முலாம் பூசுகிறவர்களைத்தான் சொல்ல வேண்டும். கதவுக் கீல்கள் மாட்டிய கம்பிச் சட்டத்தை முலாம் தொட்டியிலிருந்து தூக்கியதும், சொட்டச் சொட்ட அலசும் தண்ணீரில் அமுக்குகிறார்கள். சொட்டுவதெல்லாம் கழிவு. தொட்டிக்கு மேலேயே இருபது எண்ணும்வரை பிடியுங்கள் என்றேன்.

"எண்ணிக்கிட்டு நின்னா இன்னிக்கு லோடு நாளைக்குத்தான் போகும்" என்றார் மூத்தவர்.

போகட்டும் என்றேன். கத்தினேன் என்றும் சொல்லலாம்.

மார்ச் 7, சனி

ஒரே வாரத்தில் இரண்டரை பீப்பாய். எண்ணத்தான் எண்ணுகிறார்கள், நின்று பார்த்தேன். அப்புறம் எங்கிருந்துதான் வருது இந்தச் சனியன்?

மார்ச் 10

அண்ணனின் மூளையே மூளை. பக்கத்துக் கிடங்கை ஒரு மாதம் எடுத்து, பீப்பாய்களை அங்கே உருட்டிவிடலாமாம்.

"அண்ணா, வெக்கமா இல்ல உனக்கு?"

"வெக்கப்பட்டா பட்டறை நடக்குமா?"

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். வீட்டுக்காரர், "அங்க போட்ட சண்டைய எதுக்கு இங்க தூக்கிட்டு வர்ற?" என்றார். அவருக்கும் கிடைத்தது.

மார்ச் 12

அண்ணனோடு பேச்சில்லை.

மார்ச் 14, சனி

எழுதக் கை வரவில்லை.

துரு போவதற்காகக் கீல்களை முதலில் அமிலத்தில் முக்குவோம். சனிக்கிழமை வேலை முடிந்ததும் அந்த அமிலத்தைத் திறந்துவிட்டு, சுண்ணாம்பு கலந்து, அடியில் படியும் சேற்றைப் பீப்பாயில் அள்ளுவார்கள். தினம் பார்க்கிற சுவர் மாதிரி, நான் அதைக் கவனித்ததே இல்லை. இன்று திறக்கப் போகையில்தான் நின்று கணக்குப் போட்டேன். ஒரு தடவைக்கு இரண்டு பீப்பாய்!

"இத எதுக்கு வாராவாரம் கொட்டறீங்க?" அமிலத் தொட்டிக்காரரிடம் எகிறினேன். அவர் சுவரைக் காட்டினார். 'சனிதோறும் அமிலம் மாற்ற வேண்டும்.' என் கையெழுத்து.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு லோடு முலாம் உரிந்து திரும்பி வந்தது. ஆத்திரத்தில் அன்றைக்கே எழுதி ஒட்டினேன். கீலில் இருந்த எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம், அமிலத்தில் குறையே இல்லை என்று பிறகு தெரிந்தது. காகிதத்தைக் கிழிக்கத் தோன்றவில்லை.

"அமிலம் நல்லாத்தான்மா இருக்கும். கொட்டச் சொன்னீங்க, கொட்டறேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஒட்டின அன்னிக்கே சொன்னேனே. உங்க வேலையப் பாருங்கன்னீங்க."

ஞாபகமே இல்லை. அதுதான் சுடுகிறது. இன்னும் எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லித் தொலைத்திருக்கிறேனோ?

சோதித்துப் பார்த்தேன். முக்கால்வாசி வீரியம் அப்படியே இருக்கிறது. திறக்க வேண்டாம் என்றேன்.

மார்ச் 16

எல்லார் முன்னாலும் காகிதத்தைக் கிழித்தேன். மூத்தவர் தொண்டையைச் செருமினார். அண்ணன், "அப்ப நாலு வருஷமா சேறு கூடுதுன்னு நான் இவங்களத் திட்டினதெல்லாம்?" என்றான்.

மார்ச் 28, சனி

அமிலம் குறைந்த அளவுக்கு மட்டும் புதிதாக ஊற்றினோம். ஒரு கீல்கூட உரியவில்லை. இந்த மாதம் இதுவரை மொத்தம் மூன்றேகால் பீப்பாய்.

ஏப்ரல் 2, வியாழன்

அதிகாரி ஒவ்வொரு பீப்பாயாகத் தட்டிப் பார்த்தார். நம்பாமல் பக்கத்துக் கிடங்கையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நான்காவது பாதிகூட நிரம்பவில்லை. "யாரு கண்டுபிடிச்சது?"

"என் தங்கச்சி சார்" என்றான் அண்ணன்.

"இல்ல சார்" என்று அமிலத் தொட்டிக்காரரைக் காட்டினேன். "இவர் நாலு வருஷம் முன்னாடியே சொன்னாரு. நான்தான் வாய மூட வெச்சேன்."

அண்ணன் என்னை முறைத்தான். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் அமிலத் தொட்டிக்காரர் வந்து நின்றார். "அலசற தண்ணியில ஒண்ணு சொல்லணும்மா. கோவிச்சுக்க மாட்டீங்களே?"

கோபம் வரத்தான் வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை.