பீரங்கி வெடிக்கவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன், இங்கே நாங்களும் எங்கள் வயதுக்கு நன்றாகவே இருக்கிறோம். அப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது, என் முழங்கால்தான் படியைப் பார்த்தாலே முனகுகிறது. மாடித் தண்ணீர்த் தொட்டியில் மறுபடியும் கசிவு, அப்பா தானே சரிசெய்கிறேன் என்று ஏறி உள்ளதும் போச்சு என்ற கதையாக இறங்கினார், கடைசியில் குழாய்க்காரரைத்தான் கூப்பிட்டோம். மருந்துக் கிடங்கில் எனக்கு இன்னும் நான்கு மாதம்தான், பிறகு ஓய்வு. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் உன் அப்பா தன் காதுக்காக ஸ்பீக்கரில் போடுவார், நம் வீட்டுப் பேச்சு தெருமுனை வரை போகும். இதை முதலில் நீ தனியாகப் படிக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாயே, சின்னவள் காலி பாட்டிலில் சைக்கிள் பம்பால் காற்றடித்துத் தக்கையைப் பறக்கவிட்டாள், நீ பம்பைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டு முதுகிலும் ஒன்று வைத்தாய் என்று. குழந்தையை அடிக்கலாமா என்று கேட்டதற்கு, "அப்பாவ செவிடாக்கினவம்மா நான், எனக்குத் தெரியாதா இந்த விளையாட்டோட லட்சணம்" என்றாய். தலைவலி என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாய். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பதினான்கு வருடமாக உன்னை அப்படிச் சொல்லவிட்டவள் நான். பாப்பா, உன் பீரங்கி வெடிக்கவில்லை.

அந்த நாளில் உனக்குத் தெரிந்ததை நீ ஆயிரம் தடவை நினைத்திருப்பாய், தெரியாததை நான் சொல்கிறேன். பதினாறு வயதில் பின்பக்கக் கொட்டகையில் குழாயையும் வால்வையும் ஒட்டி நீ செய்த காற்றுப் பீரங்கி, பம்பால் அடித்து வால்வைத் திருகினால் டென்னிஸ் பந்து மூன்று வீடு தாண்டி விழும். அதன் வாயில் புகை வர வேண்டும் என்று ஆசைப்பட்டாய். மருந்து கெடாமல் இருக்கப் பெட்டிகளுக்குள் வைக்கிற, வெள்ளையாகப் புகைகிற டிரை ஐஸில் ஒரு பொட்டலத்தைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்தேன், வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தும். நீ அதைக் குழாய்க்குள் போடவே இல்லை, ஒரு தட்டில் பரப்பிப் பீரங்கி வாய்க்குக் கீழே வைத்தாய், அவ்வளவு ஒழுங்கு உனக்கு. விளையாடி முடித்து, "மிச்சத்த வாளியிலயே விட்டுடும்மா, தானா போயிடும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாய். எனக்கு மனசு வரவில்லை. நாளைக்கு உன் தோழிகளுக்குக் காட்டலாமே என்று மிச்சத்தை அள்ளிப் பழைய ஸ்டீல் பிளாஸ்க்கில் போட்டு, என் வழக்கப்படி இறுக்கி மூடி, உன் மேஜையில் பீரங்கிக்குப் பக்கத்தில் வைத்தேன். கிடங்கில் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லித் தருவேன், மூடியைச் சுற்றி ஒட்டிவிடாதே, இந்த ஐஸ் தண்ணீராகாது, காற்றாகவே ஆகும், போக வழி இல்லாவிட்டால் பெட்டியைப் பிளந்துகொண்டு போகும் என்று. அங்கே தெரிந்தது வீட்டில் மறந்துவிட்டது. எறும்பு வராமல் சர்க்கரை டப்பாவை மூடுகிற கை, யோசிக்காமல் அதையும் மூடிவிட்டது.

நான்கு மணிக்கு அப்பா கொட்டகைக்குள் போனார், பெரிய சத்தம் கேட்டது. நான் ஓடிப் போனபோது அவர் காதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார், பிளாஸ்க் துண்டு பட்டுப் பீரங்கிக் குழாய் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்து குழாயைப் பார்த்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குங்க பீரங்கியும் வெடியும்" என்றார். நீ கடையிலிருந்து ஓடி வந்து, "நான் காத்தத் தொறந்து விட்டுட்டுத்தாம்மா போனேன், வால்வு தொறந்துதாம்மா இருந்துச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் என்ன செய்தேன் தெரியுமா, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து, யார் கண்ணிலும் படாமல் மேஜைக்கு அடியில் கிடந்த பிளாஸ்க் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடது காது போனது, பஸ் ஓட்டுகிறவருக்குக் காதுச் சோதனை உண்டே, அப்பாவை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி டிப்போ அறையில் உட்காரவைத்தார்கள். ஆறு மாதத்தில் நீயே "மறந்திருப்பேம்மா, தொறக்க மறந்திருப்பேன்" என்று சொல்ல ஆரம்பித்தாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நீ இன்ஜினியரிங் ஆசையை விட்டாய், ஸ்குரூடிரைவரைத் தொடுவதை விட்டாய், எங்கள் கண்ணில் படாத தூரத்தில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போனாய். என் பெண் சமர்த்து, சொந்தக் காலில் நிற்கிறாள் என்று நானும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் பெற்ற பிள்ளைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

உன் போன் வந்த அன்றே அப்பாவின் வலது பக்கம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கல்லுளிமங்கன் மாதிரி கேட்டுவிட்டு "தெரியும்" என்றார். அன்றைக்கு டீ இருக்கும் என்று அந்தப் பிளாஸ்க்கைத் திறக்கப் பார்த்தாராம், அசையவில்லை. நான் மூடிய டப்பாவைத் திறக்க ஊரையே கூட்ட வேண்டும் என்று உன்னோடு சேர்ந்து கேலி செய்வாரே, அந்த நினைப்பில் சிரித்துக்கொண்டே மேஜையில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடத் திரும்பினாராம், இரண்டு எட்டு வைப்பதற்குள் வெடித்திருக்கிறது. "நீ மூடின மூடி எனக்குத் தெரியாதா. ஐஸ எடுத்துட்டு வந்தது தெரிஞ்சா உன் வேலையும் போயிருக்கும், பயந்துட்டேன். அவ சின்னப் பொண்ணு, ரெண்டு நாள் அழுதுட்டு மறந்துடுவான்னு நெனச்சேன்" என்றார். பிறகு அவர் அழுதார், நான் பார்க்காத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில் ஒரே உண்மையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம், நடுவில் நசுங்கியது நீ.

தையல்காரரிடம் நாளைக்கே போய்ச் சொல்லப் போகிறேன். திங்கட்கிழமை புதியவர்களுக்குச் சொல்லித் தரும்போது கிடங்கிலும் சொல்வேன், நான்கு மாத வேலை போனால் போகட்டும். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகம் இல்லை. கோபம் தீருகிற வரைக்கும் நீ பேச வேண்டாம், வர வேண்டாம், ஆனால் அப்பாவைச் செவிடாக்கினவள் என்று உன்னை நீயே இனி ஒரு தடவைகூடச் சொல்லாதே.

உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, ஏற்றுக்கொள்வதும் வேண்டாம் என்பதும் உன் இஷ்டம். மறக்காமல் ஒன்று செய், பம்பை எடுத்துச் சின்னவளிடம் திருப்பிக் கொடு, பாட்டிலுக்கு லேசாகத் தக்கை மட்டும் வைக்கச் சொல், நீயும் பக்கத்தில் நில். அன்றைக்குப் பிளாஸ்க்கை மேஜையில் வைக்கும்போதே பார்த்தேன், பாப்பா. வால்வு திறந்துதான் இருந்தது.

இப்படிக்கு,
அந்த மூடியை மூடிய
உன் அம்மா