உங்கள் பெயரில் ஒரு பக்கம்

என் பிரியமுள்ள நிவி அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரு செய்தி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இப்போது இன்டர்நெட்டில் இருக்கிறீர்கள். நீங்கள் வேலை பார்த்த தளேகாவ் ஃபேக்டரி அடையாள அட்டையில் இருந்த, உங்களுக்கே பிடிக்காத அந்த முறைத்த போட்டோவோடு.

நம் பெண் செய்த வேலை. அவள் கல்லூரியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு தளத்தில் ஆளுக்கொரு பக்கம் வைத்திருக்கிறார்கள். நண்பர்கள் வந்து, இவள் அழகு, இவள் தங்கம் என்று நாலு வரி எழுதிவிட்டுப் போவார்களாம். அதை டெஸ்டிமோனியல் என்கிறார்கள். யாருக்கு எத்தனை என்று ஊரே பார்க்கும். நிவிக்கு ஒன்றுகூட இல்லை. கேட்டும் பார்த்திருக்கிறாள், எழுதுகிறோம் என்றவர்கள் மறந்துவிட்டார்கள். இவளோ தன் நிறமா, பல்லா, ஹிந்தியா என்று காரணம் தேடியிருக்கிறாள். இங்கே விஷ்ராந்த்வாடியிலேயே பிறந்து வளர்ந்தவளின் ஹிந்திக்கு என்ன குறை, சொல்லுங்கள்?

கடைசியில் உங்கள் பெயரில் ஒரு பக்கம் திறந்து, நீங்கள் எழுதுவதுபோல் தனக்குத்தானே எழுதிக்கொண்டாள். "எங்கண்ணு மாதிரி ஒரு புள்ள யாருக்குங்க கெடைக்கும்?" இங்கிலீஷ் எழுத்தில் உங்கள் கோயமுத்தூர்ப் பேச்சு. படித்ததும் எனக்கு உங்கள் குரலே கேட்டது. சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

உங்கள் காரியத்துக்கு வந்திருந்த தோழி ஒருத்தியும் அதே வகுப்புதான். நீங்கள் உயிரோடு இல்லை என்ற விஷயத்தை அவள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பிள்ளைகள் உங்கள் பக்கத்தில் வந்து எழுதுகிறார்கள். "அங்க்கிள், ஊப்பர் நெட் மில்தா ஹை க்யா?" மேலே நெட் கிடைக்கிறதா என்று உங்களைக் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வீர்கள்?

நிவி கல்லூரிப் பக்கமே போவதில்லை. அலமாரிக் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடிவிட்டாள். டாக்டர் கொடுத்த மாத்திரை இறங்குகிறது, சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்காமல் இருக்க முடியவில்லை அவளால். கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினேன். தெருமுனை நெட் கடையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்டக் கேட்டிருந்தா நான் எழுதியிருக்க மாட்டனா கண்ணு?" என்றேன்.

"ச்சோடோ அம்மா, விடு. உயிரோட இருக்கறவங்க யாரும் எனக்கு எழுதல. நான் அப்பாகிட்டயே போயிடறேன்."

கடைக்குப் போய் வருகிறேன் என்பதுபோல்தான் சொன்னாள்.

பேங்க்கில் லீவு போட்டுவிட்டேன். அவள் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றியாயிற்று. அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை நாள் இப்படிக் காவல் இருக்க முடியும்? பயமாக இருக்கிறதுங்க. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவள் எதைக் கேட்டாலும் நீங்கள் இல்லையென்று சொன்னதில்லை. இதை மட்டும் மறுத்துவிடுங்கள். அவள் வந்து கதவைத் தட்டினால் திறக்காதீர்கள். நானும் அவளை அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
நிவியின் அம்மா