கண்ணாடி மறந்துவிட்டது

ஜூன் 3
தெரு முக்கில் புதுக் கடை திறந்துவிட்டார்கள். இனி அரிசி பருப்புக்கு இரண்டு பஸ் மாற வேண்டாம். நான் சொல்லச் சொல்ல என் பெண்டாட்டி, இவள், எழுதுகிறாள். முட்டியில் ஆபரேஷன் ஆகிக் கால் நீட்டிக் கிடப்பவளுக்குக் கைக்காவது வேலை வேண்டுமே.

மகன் போனில், "மாசக் கடைசியில வர்றேன்பா. வீட்டைக் காலி பண்ணிட்டு எங்ககூடவே வந்துடுங்க. அம்மாவும் படுத்தாச்சு, கடை கண்ணிக்கு யாரு போவா?" என்றான். நான்தான் என்றேன். சிரிக்கிறான்!

ஜூன் 4
கடைக்குள் குளுகுளுவென்று இருக்கிறது. எல்லாம் பையில் அடைத்துக் கிடக்கிறது, முகர்ந்து பார்க்க வழியில்லை. தள்ளுவண்டி ஒன்று கொடுத்தார்கள். நான் ஒரு பக்கம் போனால் அது ஒரு பக்கம் போகிறது, இவளை மாதிரி. அதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

ஜூன் 6
எலுமிச்சம்பழப் படம் போட்ட பாட்டிலை ஜூஸ் என்று வாங்கி வந்தேன். இவள் திறந்து மோந்தாள். "குடிங்க, குடல் பளபளன்னு ஆயிடும்."
பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணி. சிரித்தோம். அப்புறம் யோசித்தேன். மகன் சொல்வதுதான் சரியோ?

ஜூன் 7
போகவில்லை.

ஜூன் 9
அரிசி மாவுக்குப் போனேன். ஒரே மாதிரி நாலு பை. எது அரிசி, எது மைதா? பணம் வாங்குகிற பெண்ணிடம், இத்தனை வயதுவரை பஸ் போர்டுக்கும் பேப்பருக்கும் சொல்லித் தப்பித்ததையே சொன்னேன்: "கண்ணாடி மறந்துட்டேன்மா."

"அதுக்கென்ன தாத்தா, நாங்களே விக்கிறோமே!" ஒன்றை எடுத்து என் மூக்கில் மாட்டியே விட்டாள். "இப்பத் தெரியுதா?"

தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் எருமை எருமையாக. என்ன செய்வேன்?

"எழுத்து நல்லாத் தெரியுதும்மா. படிக்கத்தான் தெரியாது."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே? எங்க மாமியாரும் இப்படித்தான். அந்தம்மா நாலு கண்ணாடி வாங்கிட்டாங்க!"

சிரித்துவிட்டேன். கூட வந்து ஒவ்வொரு பையாகக் காட்டினாள். நீலக் கோடு மைதா, பச்சை மூலை அரிசி. எனக்கு ஒரு தடவை காட்டினால் போதும், சாகும்வரை மறக்காது.

ஜூன் 18
பத்துச் சாமானும் சரி. பதினொன்றாவது இவள் சொல்ல மறந்தது. பழி என்மேல்.

ஜூன் 29
மகன் நேற்று வந்தான், எங்கள் துணிமணிக்கென்று பெரிய பெட்டியோடு. கடைக்குக் கூட்டிப்போனேன். நான் மளமளவென்று எடுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டே வண்டியைத் தள்ளினான். அந்தப் பெண் அவனிடம், "தாத்தா நம்ம கடை ஆளு" என்றாள். ராத்திரி சாப்பிடும்போது, "சரிப்பா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றான்.

இன்று பஸ் ஏற்றிவிட்டேன். பெட்டியை வெறுமையாக அனுப்ப மனசில்லாமல் பேரப்பிள்ளைகளுக்கென்று மாவும் பிஸ்கட்டுமாக இவள் திணித்துவிட்டாள். தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனான்.