மிச்சக் கடிதம்

சுன்னாகம்,
12.11.1989

சேவைப் பகுதிப் பொறுப்பாளர் அவர்கட்கு,

மதிப்புக்குரிய ஐயா,

தாய்வானைப் பிறப்பிடமாகவும், கொழும்பைத் தற்காலிக வசிப்பிடமாகவும், சுன்னாகத்தை நிரந்தர வதிவிடமாகவும் கொண்ட எங்கள் கொம்பியூட்டர், கடந்த வெள்ளிக்கிழமை மாலை 5.20 மணியளவில் நாற்பத்தொராவது தடவையாக மயங்கி விழுந்தது என்பதை மிகுந்த துயரத்துடன் அறியத்தருகிறோம். சுவிச்சை அணைத்துப் போட்டதும் அன்னார் எழும்பிவிட்டபடியால் ஈமக்கிரியைகள் நடைபெறவில்லை. உற்றார், உறவினர், சேவைப் பகுதியினர் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். பெட்டி ஒழுங்காக எழும்புகிறது. பிளொப்பியைக் கொடுத்தால் வாசிக்கிறது. அதிலுள்ள ஓர் ஆவணத்தின் முதலாம் பக்கத்தையும் காட்டுகிறது. பக்கத்தைப் புரட்டும் விசையை அழுத்தினால் மட்டும் ‘பரிற்றி செக்’ என்று இரண்டு சொல் சொல்லிவிட்டு விறைத்துப்போகிறது. பிறகு எந்த விசைக்கும் மறுமொழி இல்லை.

எங்கள் நிலையத்தில் முப்பத்தெட்டு மாணவர்கள். சுன்னாகம் முழுவதிலும் கொம்பியூட்டரைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் அடியேன்தான் என்றாலும், தலைநகரின் ஆலோசனையையும் ஒருமுறை கேட்டு வைப்போம் என்று எழுதுகிறேன். விலைச்சிட்டையின் பிரதி இத்துடன் உண்டு.

இங்ஙனம்,
மு. கனகலிங்கம்
பிரதம பொறியியலாளர்,
மகாதேவி கொம்பியூட்டர் நிலையம்


கொழும்பு,
28.11.1989

திரு. மு. கனகலிங்கம் அவர்கட்கு,

உங்கள் கடிதம் தமிழில் இருந்தபடியால் என் மேசைக்கு வந்தது. இனிமேல் என் பெயருக்கே எழுதலாம்.

‘பரிற்றி செக்’ என்றால் பெட்டியின் ஞாபகப் பகுதியில் பிழை. எழுதி வைத்ததைத் திரும்ப வாசிக்கும்போது அது வேறாக இருக்கிறது என்று பொருள். பிழையானதைக் காட்டுவதைவிட நின்றுவிடுவது மேல் என்று பெட்டி நின்றுவிடுகிறது. எவ்வளவு நேரம் ஓடியபின் விழுகிறது, உங்கள் பக்கத்தில் மின்சாரம் சீராக வருகிறதா என்று எழுதவும்.

விலைச்சிட்டை மு. பரமலிங்கம் என்பவரின் பெயரில் உள்ளது. உதிரிப்பாகம் அனுப்புவதானால் அவருடைய கையொப்பம் வேண்டும்.

ஒரு சந்தேகம். முப்பத்தெட்டு மாணவருக்கும் ஒரே ஓர் ஆவணமா?

இங்ஙனம்,
சூ. அடைக்கலநாதன்
சேவைப் பகுதி


சுன்னாகம்,
16.12.1989

மதிப்புக்குரிய அடைக்கலநாதன் ஐயா,

உங்கள் நிறுவனத்தின் தலைப்புப் போட்ட கடிதத்துக்கு நன்றி. அதை எங்கள் கணக்கு வாத்தியாருக்குத் தூரத்தில் வைத்துக் காட்டி, கொழும்பிலிருந்து அவசர அழைப்பு என்று சொல்லி, ஒரு பரீட்சையிலிருந்து தப்பினேன். உங்கள் சேவை ஏற்கெனவே பலன் தரத் தொடங்கிவிட்டது.

கரண்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுன்னாகம் பவர் ஹவுஸ் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இருந்தும் எங்கள் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் யாரிடமோ அனுமதி கேட்டுத்தான் சுற்றுகிறது. பெட்டி பத்து நிமிடத்துக்குள் விழுகிறது.

மு. பரமலிங்கம் என் அண்ணை. நிலையத்தின் முதலாளி. தற்சமயம் வெளியூர்ப் பயணத்தில் இருக்கிறார். வந்ததும் கையொப்பம் வைப்பார்.

ஆவணம் என்பது ஒரு கடிதம். கொழும்பில் இருந்தபோது அண்ணை அம்மாவுக்கு அடித்தது. தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில். அதனால் அம்மாவுக்கு நான் வாசிக்க வேண்டும். நிலையத்தின் தலைவியும் அவதான். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த கையோடு வந்து கதிரையில் இருப்பா. முதலாம் பக்கத்தில் அண்ணை கொழும்புச் சாப்பாட்டைத் திட்டுவார், எனக்கு ஒரு குட்டுப் போடச் சொல்லுவார், அம்மா உடனே போடுவா. கடைசியில், “உங்களுக்கு இவ்வளவு நாளும் சொல்லாத ஒரு விஷயம் இருக்குது அம்மா” என்று பக்கம் முடியும். புரட்டினால் பெட்டி விழும்.

தலைவி கோபிக்க மாட்டா. “பாவம், அதுக்குச் சுகமில்லை. வாற வெள்ளி பாப்பம்” என்று எழும்பிப் போவா.

இங்ஙனம்,
மு. கனகலிங்கம், பி.பொ.


கொழும்பு,
8.1.1990

அன்புள்ள கனகலிங்கம்,

நீர் பள்ளிக்கூடப் பிள்ளை என்று தெரிந்துவிட்டது. அதனால் ‘நீங்கள்’ போடவில்லை, குறை நினையாதேயும்.

இப்போது சொல்வதைக் கவனமாகச் செய்யும். பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறவும். உள்ளே கறுப்புச் சிப்புகள் வரிசையாக இருக்கும், வரிசைக்கு ஒன்பது. எட்டு வேலை செய்யும். ஒன்பதாவது காவல்காரன், மற்ற எட்டும் உண்மை சொல்லுதா என்று பார்ப்பவர். பெட்டி சூடாகி ஆற, சூடாகி ஆற, சிப்புகள் மயிரிழை மயிரிழையாக மேலே ஏறிவிடும். ஒவ்வொன்றையும் பெருவிரலால் ‘டிக்’ என்று சத்தம் கேட்க அழுத்தும். கால்கள் கறுத்திருந்தால் அழிறப்பரால் தேய்க்கலாம். உள்ளே தண்ணீர், தூசு, பூச்சி ஏதும் விழுந்ததா என்றும் பாரும்.

அம்மாவுக்கு அந்தக் கடிதம்தான் அவசரம் என்றால் பிளொப்பியை அனுப்பும். இங்கே வேறு பெட்டியில் போட்டுத் தாளில் அடித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அடைக்கலநாதன்


சுன்னாகம்,
27.1.1990

அன்பின் அடைக்கலநாதன் அண்ணை,

ஐயா என்று எழுதக் கை வரவில்லை.

வியாழக்கிழமை மூடியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர் இல்லை, பூச்சி இல்லை. திருநீறு இருந்தது. அம்மா வெள்ளிக்கிழமை தோறும் பெட்டிக்கு மூன்று குறி பூசி, நடுவில் சந்தனப் பொட்டு வைத்தபிறகுதான் சுவிச்சைத் தொட விடுவா. சுகமில்லாத பெட்டி என்றபடியால் கை கொஞ்சம் தாராளம். அவ்வளவும் காற்றுப் போகிற ஓட்டைகளுக்கால் இறங்கிச் சிப்புகளுக்கு நடுவே படிந்திருந்தது. ஒரு கோயிலுக்குக் காணும். தூரிகையால் துடைத்தேன், தேய்த்தேன், அழுத்தினேன்.

வெள்ளி மாலை அம்மா வந்திருந்தா. பெட்டி வழமைபோல விழுந்தது.

பிளொப்பியை அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. “அவன் கையாலை தொட்டது. தபாலிலை விடமாட்டன்” என்கிறா.

அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் எழுதுங்கள்.

அன்புடன்,
கனகலிங்கம்


கொழும்பு,
20.2.1990

அன்புள்ள கனகு,

திருநீற்றுக் கதையை இங்கே எல்லோருக்கும் சொன்னேன். இருபது வருடச் சேவையில் இப்படி ஒரு பழுது எனக்கு வந்ததில்லை. என் அம்மா மன்னாரில் தையல் மெசினுக்கு மேலே மாதா படம் வைத்திருந்தவ, ஆனால் மாதா உள்ளே விழவில்லை.

துடைத்தும் விழுகிறதென்றால் ஒரு சிப் செத்திருக்க வேண்டும். கடைசி வரிசையையும் அதற்கு முந்தின வரிசையையும் இடம் மாற்றிப் பாரும். விழும் இடம் மாறினால் குற்றவாளி அந்த வரிசையில் இருக்கிறான்.

போன கடிதத்தில் பகிடி குறைந்திருந்தது. உமக்குச் சுகமில்லையா?

அன்புடன்,
அடைக்கலம்


சுன்னாகம்,
18.4.1990

அன்பின் அடைக்கலம் அண்ணை,

எனக்குச் சுகம். பெட்டிக்குத்தான் இல்லை. வரிசைகளை ஒரு கையால் மாற்றினேன், மற்றக் கையில் பனங்காய்ப் பணியாரம். அவ்வளவு திறமை. விழும் இடம் மாறவில்லை. எனவே குற்றவாளி தலைமறைவு.

மன்னாரில் இப்போதும் உங்கள் அம்மா இருக்கிறாவா? நீங்கள் எத்தனை நாளைக்கு ஒருமுறை அவவுக்குக் கடிதம் போடுவீர்கள்? சும்மா கேட்கிறேன். ஒரு ஆராய்ச்சிக்கு.

அன்புடன்,
கனகு


கொழும்பு,
24.5.1990

அன்புள்ள கனகு,

மாதம் ஒன்று போடுவேன். உம்முடைய கேள்விக்குப் பிறகு இரண்டு போடுகிறேன்.

நல்ல செய்தி. மடுத் திருவிழாவை ஒட்டி லீவு எடுத்திருக்கிறேன். அதற்கு முதல், ஜூன் 16 சனிக்கிழமை, யாழ்தேவி ரயிலில் வந்து சுன்னாகத்தில் இறங்குவேன். புதிய சிப் ஒன்பது என் சட்டைப் பையில் வரும். கடிதத்திலேயே வைத்தியம் பார்த்தது போதும். அன்றைக்கு அம்மா இரண்டாம் பக்கத்தைக் கேட்பா, அதற்கு நான் பொறுப்பு.

அதற்குள் பரமலிங்கமும் பயணத்தால் வந்துவிடுவார்தானே? கையொப்பத்தையும் அப்படியே வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அடைக்கலம்


சுன்னாகம்,
7.6.1990

அன்பின் அடைக்கலம் அண்ணை,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. அப்போது தொடக்கம் வீடு கூட்டுகிறா. பெட்டிக்கு மேல் போட வெள்ளைத் துணி ஒன்று தோய்த்துக் காயவிட்டிருக்கிறா. “அந்தத் தம்பி எவ்வளவு உறைப்புச் சாப்பிடுவார் எண்டு கேட்டு எழுதடா” என்றா. பிறகு, “எங்கடை பரமுவும் யாழ்தேவியிலைதான் வாறவன்” என்றும் சொன்னா.

ஆகையால் சிலவற்றை அறியத்தர வேண்டியிருக்கிறது. இந்த முறை பகிடி இல்லை.

மகாதேவி கொம்பியூட்டர் நிலையம் என்று ஒன்று இல்லை. முப்பத்தெட்டு மாணவரும் இல்லை. இருப்பது ஒரே ஒரு ஆள். அவவும் திரையைப் பார்க்க மாட்டா, பக்கத்தில் இருந்து கேட்பா. நிலையம் தொடங்க இருந்தவர் அண்ணை. கொழும்பில் வேலையை விட்டுவிட்டு, பெட்டியை முதலில் ரயிலில் அனுப்பினார். தான் அடுத்த கிழமை பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். அது போன வருடம் தை மாதம். பஸ் வந்தது. அவர் ஏறினதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கினதைக் கண்டவர்கள் இல்லை. வெளியூர்ப் பயணம் என்று நான் எழுதியது இதைத்தான்.

மரண அறிவித்தல் போட அம்மா விடவில்லை. முதல் கடிதத்தில் பெட்டிக்கு ஒன்று போட்டேனே, அது அண்ணைக்கு நான் மனதுக்குள் எழுதிப் பார்த்தது. பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டேன்.

இனிப் பெட்டி. நீங்கள் சொன்னபடி அழுத்திய அந்த வியாழக்கிழமையே அதற்குச் சுகம் வந்துவிட்டது. அம்மா சங்கக்கடைக்குப் போயிருந்தா. நான் தனியே பக்கத்தைப் புரட்டினேன். விழவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி.

“மிச்சத்தை நேரிலை வந்து சொல்லுறன்.”

அவ்வளவுதான். கீழே முழுக்கக் கறுப்பு. நான் கடைசி மட்டும் புரட்டிப் பார்த்தேன்.

அம்மாவுக்கு அதை எப்படி வாசிப்பது? நானாக நாலு வரி சேர்த்து வாசிக்கலாம் என்று இருந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நான் விடாத புளுகு இல்லை. ஆனால் அண்ணை கதைக்கிற மாதிரி ஒரு வரியும் வரவில்லை. விடிந்தால் வெள்ளி. கடைசி வரிசையில் ஒன்பதாவது சிப்பைக் கழற்றினேன், நீங்கள் சொன்ன அந்தக் காவல்காரனை. மாலையில் பெட்டி விழுந்தது. “பாவம், அதுக்குச் சுகமில்லை” என்றா அம்மா. ஒரு வருடமாக அந்த வரியை மறைத்து வைத்தது அவவின் திருநீறு. அதற்குப் பிறகு நான்.

வரிசை மாற்றினேன் என்றதும் பொய். பணியாரம் மட்டும் உண்மை. பெட்டி சுகம் என்று எழுதினால் நீங்கள் எனக்கு ஏன் கடிதம் போடப்போகிறீர்கள் என்பதும் ஒரு காரணம். பெரிய காரணம் இல்லை. ஆனால் காரணம்.

மூடியைத் திறந்தால் பல்லு விழுந்த இடம் மாதிரி உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். அதனால் வரவேண்டாம் என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். எழுத முடியவில்லை. வாருங்கள். புதுச் சிப்புகளைக் கொழும்பிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அம்மாவுக்கு முன்னால் மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் பாருங்கள். பிறகு என்ன சொல்வதென்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கு வெள்ளி நான் சொல்லிக் களைத்துவிட்டேன்.

சுன்னாகத்தில் கொம்பியூட்டரைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்று எழுதியிருந்தேன். பிழையே இல்லாத பெட்டியில் ஒரு சிப்பைக் கழற்றியதுதான் நான் பார்த்த உத்தியோகம். கழற்றும்போது அதன் ஒரு கால் வளைந்துவிட்டது. பஞ்சு சுற்றிக் கொம்பாஸ் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அதைத் திருப்பிப் பூட்ட எனக்குத் தெரியாது அண்ணை.

கனகு
(ஆண்டு 11)